நண்பர்கள் கூடிச் செய்யும் மரவில்: கேள்வி பதில்

நண்பர்கள் சேர்ந்து ஒற்றை மரத்துண்டிலிருந்து வில் செய்வது குறித்து, புதியவர்களும் ஓரளவு பழகியவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளைக் கிளைகள் என்றும், எய்பவரை நோக்கிய பக்கத்தை வயிறு என்றும், இலக்கை நோக்கிய பக்கத்தை முதுகு என்றும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் நான்கு நண்பர்கள். ஆளுக்கொரு வில் செய்யத் தொடங்கலாமா, அல்லது எல்லோரும் சேர்ந்து ஒரே வில்லைச் செய்வது நல்லதா?

முதல் வில்லைச் சேர்ந்தே செய்யுங்கள். மரத்தைப் பிளப்பது, பட்டை உரிப்பது, முதுகைச் சீராக்குவது, வடிவம் வரைந்து செதுக்குவது ஆகிய வேலைகளைத் தாராளமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் கிளைகளின் வளைவைச் சீர்செய்யும் கட்டம் வந்தவுடன், சுரண்டு தகடு ஒருவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். மற்றவர்கள் பார்த்துச் சொல்பவர்களாக இருக்க வேண்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கிளையின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் அதன் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் தடிமனைப் பொறுத்தவரை விறைப்பு அதன் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் 1 மில்லிமீட்டர் போனாலே விறைப்பில் ஏறக்குறைய 23 விழுக்காடு போய்விடும். விறைத்து நிற்கும் ஓர் இடத்தைக் கண்ட ஒருவர் அங்கே நான்கு முறை சுரண்டிவிட்டு நகர, அதே இடத்தை நினைவில் வைத்திருந்த இன்னொருவர் மீண்டும் நான்கு முறை சுரண்டினால், அந்த இடம் மட்டும் மடங்கத் தொடங்கிவிடும். பிறகு அதற்கு ஈடாகக் கிளை முழுவதையும் மெலிதாக்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆகவே, பார்ப்பவர்கள் தங்கள் கருத்தைப் பென்சிலால் வில்லின் வயிற்றிலேயே குறிக்கட்டும். சுரண்டக் கூடாத இடத்துக்குப் பெருக்கல் குறி, சுரண்ட வேண்டிய இடத்துக்குக் கோடு. குறிகளில் உடன்பாடு வந்த பிறகே தகடு மரத்தைத் தொட வேண்டும்.

சேர்ந்து செய்யும்போது கைப்பழக்கம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரடியாகப் போகிறது. 1911இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தவரான இஷி, சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவருக்கு வில்லும் அம்பும் செய்யக் கற்றுக்கொடுத்தது அப்படித்தான். 1916இல் இஷி இறக்கும்வரை நீடித்த அந்த நட்பிலிருந்துதான், இருபதாம் நூற்றாண்டில் வில்வித்தையைப் பொழுதுபோக்காக மேற்கொண்ட பலருக்கு ஆர்வம் பிறந்தது.

கேள்வி: எந்த மரம் ஏற்றது?

முதுகு இழுவிசையையும் வயிறு அமுக்கத்தையும் தாங்க வேண்டும். யூ மரத்தில் பட்டையை ஒட்டிய வெளிறு இழுவிசையையும் உள்ளே இருக்கும் வைரப்பகுதி அமுக்கத்தையும் இயல்பாகவே நன்கு தாங்குகின்றன. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட வில்கள் அந்த மரத்தால் ஆனவை. ஆனால் யூ கிடைக்காவிட்டால் வில்லே செய்ய முடியாது என்று எண்ண வேண்டாம். டென்மார்க்கின் ஹோல்மேகோர்டு சதுப்பு நிலத்தில் கிடைத்த, ஏறக்குறைய 9,000 ஆண்டுகள் பழமையான வில்கள் எல்ம் மரத்தால் ஆனவை. எல்ம், ஆஷ், ஹிக்கரி, மேப்பிள் ஆகியவை புதியவர்களின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். ஓசேஜ் ஆரஞ்சு மிகச் சிறந்த மரம் என்றாலும், அதன் முதுகைச் சீராக்குவதற்குப் பொறுமை வேண்டும்.

மரத்தின் பெயரைவிட இழையோட்டமே எனக்கு முக்கியம். இழைகள் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அறுபடாமல் ஓடுகின்ற, கணுக்கள் குறைந்த ஒரு சாதாரண மரத்துண்டு, இழை குறுக்கே ஓடுகின்ற உயர்ந்த மரத்தைவிட மேலானது. அதனால்தான் அடிமரத்தை அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளக்கச் சொல்கிறேன். பிளவு இழையைப் பின்பற்றியே செல்லும். யூ மரத்தின் தூள் நச்சுத்தன்மை உடையது. அதைத் தேய்க்கும்போது எல்லோரும் முகமூடி அணிய வேண்டும்.

கேள்வி: மரம் எவ்வளவு காய வேண்டும்?

ஈரப்பதம் 8 முதல் 10 விழுக்காடு வரை இருப்பது நல்லது. அதைவிட ஈரமாக இருந்தால் வில் வளைந்தபடியே நின்றுவிடும். மிகவும் காய்ந்துவிட்டால் முறியும். பிளந்த உடனே இரு முனைகளிலும் மெழுகோ பசையோ பூசுங்கள். இல்லாவிட்டால் முனைகளிலிருந்து வெடிப்பு ஓடும். அளவுகருவி இல்லாதவர்கள், துண்டை வில்லின் வடிவத்துக்கு ஓரளவு நெருக்கமாகச் செதுக்கி, நிழலில் வைத்து, அவ்வப்போது எடை பார்த்து எழுதிவைக்கலாம். எடை குறைவது நின்று, பல நாட்கள் ஒரே அளவில் இருந்தால், சுற்றியிருக்கும் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: முதுகில் ஒரே ஆண்டு வளையம் இருக்க வேண்டும் என்கிறார்களே, அது கட்டாயமா?

ஓசேஜ் போன்ற மரங்களில் கட்டாயம். வளையத்தை அறுத்தால் அந்த இடத்தில் இழைகள் தூக்கிக்கொண்டு முறியும். இருபுறமும் பிடியுள்ள இழுப்புக் கத்தியால், அடர்த்தியான ஒரு வளையத்தை மேலிருந்து கீழ்வரை பின்தொடருங்கள். வளையங்களுக்கு இடையே உள்ள நுண்துளைகள் நிறைந்த மென்மையான படலத்தில் கத்தி ஓடும்போது நொறுநொறுவென்று ஒலி வரும். அடர்ந்த பகுதியைத் தொட்டதும் அந்த ஒலி நின்றுவிடும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு நிறமாற்றத்தைச் சொல்ல ஒரு நண்பர் இருந்தால் வேலை பாதியாகும். எல்ம், ஆஷ், மேப்பிள் போன்ற வெண்ணிற மரங்களில் பட்டைக்கு அடியிலுள்ள மேற்பரப்பையே முதுகாக வைத்துக்கொள்ளலாம். அதைக் கத்தியால் தொடவே வேண்டாம்.

கேள்வி: அளவுகளைச் சொல்லுங்கள்.

28 அங்குலம் இழுப்பவருக்கு, வளையாத கைப்பிடியுள்ள வில் 66 முதல் 68 அங்குல நீளம் இருக்கட்டும். வெண்ணிற மரங்களுக்குக் கிளை 2 அங்குல அகலம். ஓசேஜுக்கு ஒன்றரை அங்குலம் போதும். கிளையின் பாதிவரை அதே அகலத்தில் சென்று, பிறகு நுனியில் அரை அங்குலமாக ஒடுங்கட்டும். அம்பின் வேகத்தைக் கெடுப்பது நுனியின் எடைதான். ஆகவே நுனியை இறுதியில் இன்னும் மெலிதாக்கலாம்.

கேள்வி: வளைவைச் சீர்செய்வதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வருகிறது. யார் சொல்வதை ஏற்பது?

யார் சொல்வதையும் ஏற்க வேண்டியதில்லை. வில்லை ஒரு சட்டத்தில் பொருத்தி, அதையே கேளுங்கள். சுவரில் நிறுத்திய மரச்சட்டத்தின் மேல் கைப்பிடியை வைத்து, நாணைக் கயிற்றில் கோத்து, அடியில் உள்ள கப்பி வழியாக ஒருவர் தள்ளி நின்று இழுக்கட்டும். மற்றவர்கள் எதிரே, போதிய தொலைவில் நின்று பார்க்கட்டும். பின்னால் கட்டங்கள் வரைந்த பலகை இருந்தால் இரு கிளைகளின் வேறுபாடு தெளிவாகத் தெரியும். புகைப்படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் உதவும். கண் பழகிப்போன குறைகள் அப்போது வெளிப்படும்.

இன்னும் ஐயம் இருந்தால், ஒரு சாண் நீளமுள்ள நேரான கட்டையின் நடுவில் துளையிட்டு, பென்சில் முனை கட்டையின் பரப்பிலிருந்து சற்று வெளியே நீட்டி நிற்குமாறு செருகுங்கள். வளைந்த நிலையில் உள்ள வில்லின் வயிற்றில் இதை ஓட்டினால், போதிய அளவு வளையாத இடங்களில் மட்டும் பென்சில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தைச் சுரண்டலாம். விழாத இடத்தைத் தொடாதீர்கள். கைப்பிடியை ஒட்டிய பகுதியும் நுனியை ஒட்டிய பகுதியும் எப்படியும் குறைவாகவே வளையும் என்பதால், அங்கே விழும் கோடுகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் வில்லை இருபது முப்பது தடவையாவது மெதுவாக இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் செய்த மாற்றம் முழுமையாகத் தெரியாது. 28 அங்குலம் இழுக்கும்போது 40 பவுண்டு இழுவிசை வேண்டுமென்றால், எந்தக் கட்டத்திலும் இழுவிசை காட்டும் தராசு 40ஐத் தாண்டும் அளவுக்கு இழுக்காதீர்கள். 12 அங்குலத்திலேயே 40 வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திச் சுரண்ட வேண்டும். நாணில் அம்புக்கு மேலே ஒரு விரலும் கீழே இரு விரல்களும் வைத்து இழுப்பவர்களுக்குக் கீழ்க்கிளை சற்று விறைப்பாக இருப்பது வழக்கம்.

கேள்வி: எங்களில் ஒருவர் வலிமையானவர், 60 பவுண்டு வேண்டும் என்கிறார். மற்றவர்களுக்கு அது முடியாது.

முதல் வில் 35 முதல் 40 பவுண்டு வரை இருக்கட்டும். எல்லோரும் எய்து பார்க்க முடிந்தால்தான் அது எல்லோருடைய வில்லாகவும் இருக்கும். மேலும் இழுவிசை கூடிய வில்லில் சிறு பிழையும் முறிவாக முடியக்கூடும்.

கேள்வி: நாணைக் கழற்றிய பிறகும் எங்கள் வில் ஓர் அங்குலம் வளைந்தே இருக்கிறது. வீணாகிவிட்டதா?

இல்லை. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வரை இயல்பானதே. அந்த வளைவு கிளை முழுவதும் பரவியிருக்கிறதா, ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். குவிந்திருந்தால் அந்த இடம் மற்றவற்றைவிட அதிகம் உழைக்கிறது. வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தோன்றியிருக்கின்றனவா என்று நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். முதுகில் சிம்பு தூக்கியிருந்தால், நீர்மையான சூப்பர் க்ளூவை ஊறவிட்டு, காய்ந்தபின் நூலால் நெருக்கமாகச் சுற்றலாம். சிம்பு கிளையின் ஓரம்வரை ஓடியிருந்தால் அந்த வில்லை எய்யாதீர்கள்.

கேள்வி: நாணுக்கு எது நல்லது?

டேக்ரான் என்ற பாலியெஸ்டர் நூல். அது சிறிது நீண்டு கொடுப்பதால் மர நுனிகள் அதிர்ச்சியிலிருந்து தப்புகின்றன. நுனிகளில் நாண் அமரும் காடிகளின் விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பு நாணை அறுக்கும்.

கேள்வி: வில் முடிந்ததும் நண்பர்கள் கூடி எய்யப்போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் மரத்துக்குள்ளேயே திரும்பும். இழுத்த நிலையில் பேசிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். உயரமான நண்பர் தன் கை நீளத்துக்கு, அதாவது வில்லுக்குத் திட்டமிட்டதைவிடக் கூடுதலாக இழுத்துவிடுவது உண்டு. அதைத் தடுக்க 28 அங்குலம் வரும் இடத்தில் அம்பில் ஒரு கோடு இட்டு, பக்கத்தில் நிற்பவர் அதைக் கவனித்துக்கொள்ளட்டும். முதல் நாள் எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, வில்லைச் சுவரில் சாய்க்காமல் இரண்டு முளைகளின் மேல் படுக்கையாக வையுங்கள்.