பின்பக்கத்தில் எழுதியவை

ஐயா,

பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு கட்டு பட அஞ்சலட்டைகள் கிடைத்தன. எல்லாம் 1909, 1910ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து, குன்னூரில் தங்கியிருந்த ஓர் ஆங்கிலப் பெண்மணிக்கு அவர் கணவர் அனுப்பியவை. உயர்நீதிமன்றம், மவுண்ட் ரோடு, மெரினா என்று முன்பக்கப் படங்கள் அபாரம். பின்பக்கத்தைப் படித்தால்தான் ஏமாற்றம். பெட்டி அனுப்புகிறேன், வெயில் தாங்கவில்லை, சமையல்காரருக்குக் காய்ச்சல் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. தபால்தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தனியே எடுத்துவிட்டேன். அட்டைகளை லேமினேட் செய்து சட்டமிடலாமா? வாட்ஸ்அப் வந்து கடிதக்கலை அழிந்ததைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும். மூன்று அட்டைகளின் ஸ்கேன் இணைத்துள்ளேன்.

ச., கோவை

அன்புள்ள ச.,

லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை அட்டையைக் கிழிக்காமல் பிரித்தெடுக்க முடியாது. வாட்ஸ்அப்பைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அஞ்சலட்டை வந்தபோதே கடிதக்கலை செத்துவிட்டது என்று இங்கிலாந்தில் புலம்பியவர்கள் உண்டு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் காரணம் வேறு. அண்மையில் சேகரிப்பாளர் நண்பர் ஒருவரின் ஆல்பத்தைப் பார்த்தேன். ஒவ்வோர் அட்டையையும் பசை தடவி ஒட்டியிருந்தார். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "யாரோ யாருக்கோ எழுதியது" என்றார். அன்றிலிருந்து மனத்தில் புகைந்துகொண்டிருந்த கோபம் இப்போது உங்கள் தலையில் விடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது ஸ்கேனை மறுபடி பாருங்கள். வலது மேல்மூலையில், தபால்தலை இருந்த இடத்தில் வெளிறிய சதுரம் ஒன்று தெரிகிறது; அதன் ஓரத்திலிருந்து ஊதா நிறம் கசிந்து முகவரியின் முதல் வரியைத் தின்றுவிட்டிருக்கிறது. எழுதியவர் காப்பியிங் பென்சிலால் எழுதியிருக்கிறார்; காய்ந்திருக்கும்வரை சாம்பல் நிறத்தில் அடங்கிக் கிடக்கும் அந்த எழுத்து, ஈரம் பட்டதும் ஊதாவாகிக் கரைந்து ஓடும். முத்திரையின் பாதியும், அதிலிருந்த தேதியும் தபால்தலையோடு போய்விட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் எந்தெந்தக் கைகளிலோ தப்பிப் பிழைத்த ஒன்றை உங்கள் வீட்டுக் கிண்ணத்தில் ஊறப்போட்டிருக்கிறீர்களே!

சரி, போனது போகட்டும். அந்த அட்டையில் மிஞ்சியிருப்பதைப் படிப்போம். நாளை மாலை ரயிலில் பெட்டியை ஏற்றுகிறேன், ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு என்று எழுதியிருக்கிறார். இதில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். இந்த ஒரு வரியை ஒரு மனிதர் எழுத வேண்டுமானால் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று யோசித்தீர்களா? மலையேறும் பல்சக்கர ரயில் 1899இல் குன்னூரை எட்டியிருக்க வேண்டும். மாலையில் சென்னையை விட்ட தபால் மறுநாள் காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அந்த மலை ரயிலில் ஏறி, தாமதமில்லாமல் வீடு சேர வேண்டும். பெட்டிக்கு ஒரு நாள் முன்னதாக அட்டை போய்விடும் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. இருந்திருந்தால் தந்தியல்லவா கொடுத்திருப்பார்? அந்த நம்பிக்கை கால் அணாவுக்குக் கிடைத்தது. 1879இல் இந்தியாவில் அஞ்சலட்டை வந்தபோது வைத்த விலை அது. அற்பமான செய்தியை அனுப்ப முடிவதுதான் நல்ல தபாலுக்கு அடையாளம்; தபால் எப்போதாவது வரும் ஊரில் சாவையும் கல்யாணத்தையும் மட்டுமே எழுதுவார்கள்.

இங்கிலாந்தில் இது உச்சத்தில் இருந்தது. அங்கே முகவரிக்கும் செய்திக்கும் ஒரே பக்கத்தில் இடம் பிரித்துக்கொடுத்தது 1902இல்தான். அதற்கு முன் படத்தின் ஓரத்தில் கிடைத்த வெள்ளையில் நெருக்கி எழுத வேண்டியிருந்தது. 1901 முதல் 1910 வரை அங்கே சுமார் 600 கோடி அட்டைகள் தபாலில் போயின என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரிய நகரங்களில் ஒரே நாளில் பலமுறை பட்டுவாடா நடந்ததால், காலையில் அரை பென்னி அட்டை போட்டுவிட்டு மாலைத் தேநீருக்குப் போய் நிற்க முடிந்தது. 1918இல் கட்டணம் ஒரு பென்னியாக இரட்டித்ததும் அந்த வேகம் தணிந்தது. பெரும்பாலான அட்டைகளில் ரயில் நேரமும் தடுமனும் வானிலையும் இருப்பதில் வியப்பென்ன? மேலும், தபால்காரர் முதல் வேலைக்காரர்வரை யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய அட்டையில் யார் நெஞ்சைத் திறப்பார்கள்? (காதலர்கள் தபால்தலையைச் சாய்த்து ஒட்டி இரகசியம் பேசினார்கள். அந்தச் சாய்வுகளுக்கு என்ன பொருள் என்று விளக்கும் அட்டைகளும் கடைகளில் விற்றன என்பதால், அது எவ்வளவு இரகசியம் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.)

என் பெரியப்பா அறுபதுகளில் டெல்லியில் வேலை பார்த்தார். பெரியம்மா ஊரில். குதுப்மினார் படம் போட்ட அட்டை ஒன்று அவரிடமிருந்து வந்தது. தபால்காரர் வாசலில் நின்றபடி அதை உரக்கப் படித்தார். பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நெய் டின் வந்து சேர்ந்தது, மூடி சரியாக இறுக்கப்படவில்லை, கால்பங்கு வழியில் கொட்டிவிட்டது, அடுத்த தடவை மெழுகு உருக்கி ஊற்று. குதுப்மினாரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மூடியைத் தான் இறுக்கவில்லை என்று பெரியம்மா தபால்காரரோடு வாதாடினார். பிறகு வழக்கம்போல் அட்டையை உத்தரத்துக் கம்பியில் குத்தினார். கோபுரத்தின் நடுவில் துளை. இதில் மறைந்திருக்கும் அன்பைத் தோண்டி எடுத்து எனக்கு எழுதி அனுப்பாதீர்கள். அவர் எழுதியது நெய்யைப் பற்றி. அந்த வீட்டின் அந்த வாரம் எனக்குத் தெரிய வருவதும் அந்த நெய்யால்தான். குதுப்மினாரை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கட்டும் அப்படித்தான். கோடையில் மனைவியை மலைக்கு அனுப்பிவிட்டுச் சென்னை வெயிலில் கிடந்த ஒருவர், உயர்நீதிமன்றப் படத்தின் முதுகில் சமையல்காரரின் காய்ச்சலை எழுதுகிறார். அந்தச் சமையல்காரரின் காய்ச்சல் வேறு எந்த ஆவணத்தில் பதிவாகியிருக்கப் போகிறது? ஆயா, டோபி, பட்லர் என்று நம்மவர்களை நிற்கவைத்துப் படமெடுத்து, பெயரின்றித் தொழிலை மட்டும் அச்சடித்து விற்ற அட்டைகளும் அதே காலத்தவைதாம். அவற்றின் முன்பக்கத்தில் அவர்கள் வேடிக்கைப் பொருள். இந்தப் பின்பக்கத்தில், வேலைக்கு வராததால் ஒரு வீட்டையே நிறுத்திவைத்தவர்.

அட்டைகளை பாலியெஸ்டர் உறைகளில் தனித்தனியாகப் போட்டு, அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் வையுங்கள். வரிசை எண்ணை மென்மையான பென்சிலால் உறையோடு வைக்கும் துண்டுச்சீட்டில் எழுதுங்கள், அட்டையில் வேண்டாம். அழகானவற்றை மட்டும் பிரித்து விற்காதீர்கள். கட்டு கலைந்தால் அந்தக் கணவனும் மனைவியும் மறுபடி யாரோ யாருக்கோ ஆகிவிடுவார்கள். எடுத்த தபால்தலைகளில் எது எந்த அட்டையுடையது என்று முத்திரையின் பாதிகளைப் பொருத்திப் பார்த்தால் தெரியும், ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுங்கள். மீதி அட்டைகளையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். முன்பக்கம் தேவையில்லை. சமையல்காரருக்குக் காய்ச்சல் விட்டதா என்று தெரிய வேண்டும்.