மகள் ஆப்பிரிக்காவுக்குக் குழுவை அழைத்துச் செல்லட்டுமா?

அம்மா,

வரலாற்றுப் பட்டம் முடிக்கும் மகள், ஆப்பிரிக்கச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துச் செல்லும் வேலைதான் வேண்டும் என்கிறாள் என்றும், அவள் காட்டில் தனியாக நிற்பதுபோல நினைத்து நினைத்து உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் காட்டுப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அங்கே வழிகாட்டி வேலை பெரும்பாலும் அந்தந்த நாட்டுக்காரர்களுடையது. தென்னாப்பிரிக்காவில் பதிவு செய்யாமல் பணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டுவது சட்டப்படி குற்றம். ஜிம்பாப்வேயில் விலங்குகள் உலவும் இடத்தில் பயணிகளை நடத்திச் செல்ல உரிமம் பெற எழுத்துத் தேர்வு, பல ஆண்டுப் பயிற்சி, துப்பாக்கி சுடும் தேர்வு எல்லாம் உண்டு. உங்கள் மகளுக்குக் கிடைக்கக்கூடியது டூர் மேனேஜர் வேலை. சென்னையில் குழுவோடு விமானம் ஏறுவதிலிருந்து திரும்பி இறங்கும்வரை சைவச் சாப்பாடு, பெரியவர்களின் மாத்திரை, தொலைந்த பாஸ்போர்ட் எல்லாம் அவள் பொறுப்பு.

பிறகு வரலாறு எதற்கு என்று கேட்பீர்கள். ஜிம்பாப்வேயின் மஸ்விங்கோ ஊருக்கு அருகே கிரேட் ஜிம்பாப்வே என்ற கல் நகரம் இருக்கிறது. சாந்து இல்லாமல் அடுக்கிய மதில், சில இடங்களில் 11 மீட்டர் உயரம். கட்டியவர்கள் ஷோனா மக்களின் முன்னோர். ஆப்பிரிக்கர்கள் கட்டியதுதான் என்று 1905-லும் 1929-லும் அகழாய்வாளர்கள் சொன்ன பிறகும், வெள்ளையர் ஆட்சி 1970-கள் வரை வழிகாட்டி நூல்களில் அதைத் தெளிவாக எழுதவிடவில்லை. ஃபீனீசியர், அரேபியர் என்று யார் யார் பெயரோ சொல்லப்பட்டது. 1980-இல் விடுதலை பெற்ற நாடு அந்த மதிலின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. இதை அறிந்தவள் கூட வந்தால், “இவர்களா கட்டியிருப்பார்கள்?” என்று பஸ்ஸில் யாராவது கேட்கும்போது பேசாமல் இருக்கமாட்டாள். அவளுடைய படிப்புக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

பருவம் அறிவதும் இந்தத் தொழிலில் பாதி. நம் குடும்பங்கள் கிளம்புவது ஏப்ரல், மே விடுமுறையில். அப்போது கென்யாவில் மழைக்காலம். ஜிம்பாப்வே எல்லையில் உள்ள விக்டோரியா அருவியிலோ வெள்ளம் உச்சத்தில் இருக்கும். 1,708 மீட்டர் அகலத்துக்கு விழும் நீரைச் சாரலே மறைத்துவிடும். ‘இடிமுழங்கும் புகை’ என்று அங்குள்ள மக்கள் அருவிக்குப் பெயர் வைத்தது பொருத்தம்தான். மழைக்கோட்டு எடுத்துவரச் சொல்லாத மேனேஜரைக் குழு மன்னிக்காது.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில் சம்பளம் குறைவு. பயணம் உள்ள நாட்களில் தினப்படி உண்டு, மற்ற மாதங்களில் அலுவலகத்தில் பயணத் திட்டமும் விலைப்பட்டியலும் தயாரிக்க வேண்டும். மூன்று ஆண்டு தாக்குப்பிடிக்க வீட்டில் கை கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால், மத்திய அரசின் சுற்றுலா, பயண மேலாண்மை நிறுவனத்துக்கு நெல்லூரிலும் வளாகம் இருக்கிறது, அங்கே எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கட்டும். கூடவே பிரெஞ்சு கற்றால் செனகல், மடகாஸ்கர் வரை கதவு திறக்கும்.

பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். கென்யா, உகாண்டா சென்று திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.