கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்கிறது பைபிளின் முதல் நூலான ஆதியாகமம். ஞாயிறு பள்ளியில் கற்ற அந்த ஆறு நாள் படைப்பு, வளர்ந்த பிறகும் ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறது?

முதலில் மனதில் பதிவது வரிசைதான், பொருள் அல்ல. ஆறு கட்டம் போட்ட வண்ணத்தாளில் பிள்ளை சூரியனை நான்காம் கட்டத்தில் ஒட்டும். முதல் மூன்று நாளின் ‘சாயங்காலமும் விடியற்காலமும்’ சூரியன் இல்லாமல் எப்படி வந்தன என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. அந்தத் தாளே நம்பிக்கையாகிவிடுகிறது.

சிங்கப்பூரில் அதே பிள்ளை தொடக்கக் கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) உயிரியல் எடுத்தால் பரிணாமம் பாடமாகவே வரும். அப்போது ஒன்று வேதம், இல்லையேல் விஞ்ஞானம் என்று தோன்றும். சிலர் பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் படிப்பார்கள். சிலர் சபையையே விட்டுப் போவார்கள். இரண்டுமே தேவையற்ற இழப்பு.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இந்த நெருக்கடி பொதுவாகக் குறைவு. மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்று 1950-லேயே போப் பன்னிரண்டாம் பயஸ் எழுதிவிட்டார்.

ஆசிரியர்களுக்கு: பத்து வயதில் ஆதியாகமம் 1, 2 அதிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பின் மனிதன். இரண்டாவதில் மனிதனுக்குப் பின்னரே மிருகங்கள். பிறகு கட்டங்களை மூன்று மூன்றாக, மேலும் கீழுமாக அடுக்குங்கள். வெளிச்சத்துக்குக் கீழே சூரியனும் சந்திரனும், வானம்-கடலுக்குக் கீழே பறவையும் மீனும், நிலத்துக்குக் கீழே மிருகமும் மனிதனும் வரும். இடம் முதலில், குடியிருப்பவர் அடுத்து. இது நாட்காட்டி அல்ல, கவிதை அமைப்பு என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

‘டைனோசர் எந்த நாள்?’ என்று கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள்.