பேட்டரி கன்ட்ரோலரும் நான்கு வால்வும்: கோளாறு கன்ட்ரோலரில் இல்லை

கேள்வி: வணக்கம் ஐயா. நிலக்கோட்டை பக்கம் 60 சென்ட்டில் குண்டுமல்லி வைத்திருக்கிறேன். சொட்டுநீர் போட்டு நான்கு பிரிவாகப் பிரித்திருக்கிறோம். மோட்டார் ரூம் தூரம், தோட்டத்துக்குள் கரண்ட் கிடையாது. அதனால் நேரம் பார்த்து வால்வைத் திறந்து மூடும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் கன்ட்ரோலர் வாங்கினோம், மகன்தான் ஒயர் கொடுத்தான். முதல் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டாவது, திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டு மற்ற நேரமெல்லாம் ஓடுகிறது. மூன்றாவதில் 'டிக்' சத்தம் கேட்கிறது, ஆனால் தண்ணீர் முழுசாக நிற்பதில்லை. 40 மீட்டர் தள்ளியிருக்கும் நான்காவது அசையவே இல்லை. காலிங் பெல் ஒயர்தான் இழுத்திருக்கிறோம். கன்ட்ரோலரை மாற்றிவிடலாமா?

பதில்: வணக்கம் அண்ணே. கன்ட்ரோலரை மாற்ற வேண்டாம். முதல் வால்வு சொன்ன நேரத்தில் திறந்து மூடுகிறது என்றால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. மற்ற மூன்றிலும் மூன்று தனித்தனிக் கோளாறு.

இந்த வால்வு வேலை செய்யும் விதம் பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வீட்டுக் கரண்டில் ஓடும் 24 வோல்ட் ஏசி வால்வுக்கு, திறந்திருக்கும் நேரம் முழுக்க மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி அதைத் தாங்காது. அதனால் உங்களுடைய வால்வின் சோலினாய்டுக்குள் (மின்சாரம் பட்டதும் வால்வைத் திறந்து மூடும் பாகம்) ஒரு காந்தம் வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோலர் கண் இமைக்கும் நேரத்துக்கு மின்சாரத்தால் ஒரு தட்டு தட்டும், வால்வு திறந்து அப்படியே நிற்கும். பிளஸ் மைனஸை மாற்றி இன்னொரு தட்டு தட்டினால் மூடும். நடுவில் மின்சாரமே வேண்டாம். மூடுகிற தட்டு போய்ச் சேரவில்லை என்றால் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மல்லிகைக்கு ஈரம் பிடிக்கும், வேரடியில் தேங்கும் தண்ணீர் ஆகாது. இலை மஞ்சளாகி, வேர் அழுக ஆரம்பித்தால் தேற்றுவது பெரும்பாடு.

இப்போது இரண்டாவது வால்வு. சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. திறக்கச் சொல்லும் தட்டு அதற்கு மூடச் சொல்வதாகப் போகிறது. அந்த இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். நான்கு வால்வுக்கு ஐந்து ஒயர் கணக்கு: ஆளுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. வால்விலிருந்து வரும் எந்த நிறம் பொது ஒயருக்குப் போக வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட வந்த தாளில் படம் இருக்கும், அதைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் நன்றாக வேலை செய்யும் முதல் வால்வில் எந்த நிறம் எதில் போயிருக்கிறதோ, அதே மாதிரி மற்ற மூன்றுக்கும் கொடுங்கள்.

நான்காவதில்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். முதலில் கேட் வால்வை அடைத்துவிட்டு, அந்தச் சோலினாய்டின் இரண்டு ஒயரையும் ஜாயிண்டிலிருந்து பிரியுங்கள். ஒரு புது 9 வோல்ட் பேட்டரியைக் கையில் எடுத்து, அதன் இரண்டு முனையிலும் ஒயர்களை ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டக்' என்று கேட்க வேண்டும். மாற்றித் தொட்டால் மறுபடி 'டக்'. மல்டிமீட்டர் இருந்தால் ஓம், அதாவது மின்தடை பாருங்கள். பேட்டரி வால்வின் காயில் (சோலினாய்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) பெரும்பாலும் 10 ஓமுக்குள் காட்டும். 20க்கு மேலே காட்டினால் கடைக்காரர் ஏசி சோலினாய்டைக் கொடுத்துவிட்டார் என்று சந்தேகப்படலாம், அது இந்தப் பெட்டியில் ஓடாது. ஓம் ஏறவே இல்லை, அளவில்லாமல் காட்டுகிறது என்றால் காயில் அறுந்திருக்கிறது.

பேட்டரியில் தொட்டால் தட்டுகிறது, கன்ட்ரோலரில் அசையவில்லை என்றால் குற்றவாளி அந்தப் பெல் ஒயர். கணக்கைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தடிமன் செம்புக் கம்பி 40 மீட்டர் போய்த் திரும்பினால் 80 மீட்டர், ஒயர் மட்டுமே ஏறக்குறைய 7 ஓம் தடுக்கும். காயில் சுருளே 5 ஓம் என்று வைத்துக்கொண்டால், தட்டின் பாதிக்கு மேல் வழியிலேயே தீர்ந்துபோகிறது. அதே தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் 1 ஓமுக்குள் அடங்கிவிடும். பொது ஒயரையும் சேர்த்து ஐந்தையும் அந்த அளவில் மாற்றிவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு: கன்ட்ரோலரைத் தோட்டத்தின் ஓரத்தில் வைக்காமல் நான்கு வால்வுக்கும் நடுவில் ஒரு கல் நட்டு அதில் மாட்டினால் ஒயர் தூரம் குறையும். எத்தனை மீட்டர் வரை இழுக்கலாம் என்று கம்பெனி சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

ஜாயிண்ட் பற்றி அழுத்திச் சொல்கிறேன். வால்வுக் குழிக்குள் எப்போதும் ஈரம். சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். என் தோட்டத்தில் அப்படிச் சுற்றிய ஜாயிண்டை ஐப்பசி மழைக்கு அப்புறம் பிரித்தபோது செம்பு பச்சையாகப் பொடிந்து கையோடு வந்தது. ஜெல் நிரப்பிய தண்ணீர் புகாத கனெக்டர் கிடைத்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் சப்மெர்சிபிள் மோட்டார் கேபிளுக்கு எப்படி ஜாயிண்ட் போடுவீர்களோ அப்படி: முறுக்கி, ஈயம் பற்றவைத்து, ரப்பர் டேப் இழுத்துச் சுற்றி, மேலே பிவிசி டேப். ஒவ்வொரு வால்வு பக்கமும் ஓர் அடி ஒயரைச் சுருட்டி விடுங்கள், பின்னால் வெட்டி மாற்ற உதவும். மண்ணுக்குள் போகிற ஒயர் கண்டூயிட் பைப்புக்குள் போகட்டும், எலி கடிக்காது.

மூன்றாவது வால்வில் ஒயர் குற்றம் இல்லை, 'டிக்' கேட்கிறதே. டயாஃப்ரத்துக்கு (வால்வுக்குள் தண்ணீரை அடைக்கும் ரப்பர் சவ்வு) அடியில் மணல் உட்கார்ந்திருக்கும். தண்ணீரை அடைத்து, மூடியைக் கழற்றிக் கழுவி, அதே பக்கமாகத் திரும்ப வையுங்கள். காற்று விடும் சின்னத் திருகு இறுகியிருக்கிறதா, சோலினாய்டு கையால் நன்றாகத் திருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேனர் போட வேண்டாம், பிளாஸ்டிக் மரை உடையும். ஃபில்டரையும் கழுவிவிடுங்கள்.

பேட்டரி ஆல்கலைன்தான் போட வேண்டும். ரேடியோவுக்குப் போடும் மலிவு பேட்டரியும், சார்ஜ் செய்கிற பேட்டரியும் வேண்டாம். திறந்த பிறகு பேட்டரி தீர்ந்தால் மூட ஆள் இல்லை, ஆகவே தீரும்வரை காத்திருக்காமல் ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று என்று மாற்றிவிடுங்கள்.

கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே போடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருந்தால் ஒன்று கவனியுங்கள். த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது. நான்கு வால்வும் மூடியிருக்கும்போது மோட்டார் ஓடினால் பைப் எங்கேயாவது பிளக்கலாம். மோட்டார் பக்கத்தில் அழுத்தம் கூடினால் தானே திறக்கும் ஒரு பிரஷர் ரிலீஸ் வால்வு போட்டு, அதன் தண்ணீரைக் கிணற்றுக்கே திருப்பிவிடுங்கள். அதைப் போட்டு முடிக்கும்வரை மோட்டாரை நீங்களே நின்று போடுங்கள்.