சொல்லுதான், பாக்கான்: நோட்டு எழுதும் பிள்ளைக்கு என்ன படிப்பு?

தென்காசிப் பக்கம் பாவூர்சத்திரம் காய்கறி மண்டியில் கணக்கெழுதும் அண்ணாச்சி ஒருவருக்கு எழுதும் பதில் இது. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நல்ல மார்க். இயற்பியலும் கணக்கும் கரையேறியதே பெரிது. சென்னையில் இருக்கும் மச்சினர், 'ஏஐ (செயற்கை நுண்ணறிவு) எடுத்தாத்தான் எதிர்காலம்' என்று சொல்லி ஒரு பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட் பேசி வைத்திருக்கிறார். வயலை ஒத்திக்கு வைத்து முன்பணம் கட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

பயப்படாதீர்கள் என்று தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் அண்ணாச்சி, இந்த ஒத்தி விஷயத்தில் நீங்கள் பயப்படுவதுதான் நல்லது. சீட் வாங்குவது ஒரு நாள் வேலை. நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் நாலு வருஷம் உட்கார்ந்து எழுத வேண்டியது உங்கள் மகள், மச்சினர் இல்லை. கணக்கைக் கண்டால் ஓடுகிற பிள்ளையைக் கணக்கின் மேலேயே கட்டிய படிப்பில் சேர்த்தால் அரியர் வரும். அரியரோடு ஒத்தியை மீட்கும் கவலையும் வரும். கட்டாதீர்கள்.

அவள் கொண்டுவந்து காட்டிய நோட்டுக்கு வருகிறேன். அதை நீங்கள் 'கிறுக்கல்' என்றீர்கள். ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: 'சொல்லுதான், செய்யுதான். ஆனா பாக்கான், நிக்கான். ஏன்?'

இதற்குப் பதில் இருக்கிறது. அதைத் தேடும் படிப்புக்கு மொழியியல் என்று பெயர்; மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராயும் துறை அது. எழுத்துத் தமிழில் 'சொல்கிறான், செய்கிறான்' என்று ஒற்றைக் ககரம் வரும் வினைகள் பல நம் நெல்லைப் பேச்சில் 'உதான்' என்று போகின்றன. 'பார்க்கிறான், நிற்கிறான்' என்று வல்லினம் அழுத்தி வருகிறவை 'க்கான்' என்று முடிகின்றன. நிகழ்காலம் என்ற பொருள் ஒன்றுதான்; அதைச் சுமக்கும் வடிவம் வினைக்கு வினை மாறுகிறது. பொருள் தரும் மிகச் சிறிய கூறை மொழியியலில் உருபன் என்பார்கள். இப்படி இடத்துக்கேற்ப மாறும் வடிவங்கள் மாற்றுருபன்கள். பள்ளியில் 'வந்தாள்' என்பதைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்து மார்க் வாங்கினாளே, அதே வேலைதான். வித்தியாசம் ஒன்றே: தேர்வில் விதி முன்னாலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. இங்கே சந்தைப் பேச்சைக் காதில் வாங்கி விதியை அவளே கண்டுபிடிக்கப் பார்க்கிறாள்.

இன்னொன்று. 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரமும் கடைசிப் பகரமும் ஒரே ஓசையா? இல்லை, இரண்டாவது மெல்லினத்தின் பின்னால் அதிர்ந்து ஒலிக்கிறது. ஆனாலும் ஒரே எழுத்தில் எழுதுகிறோம், குழப்பமே வருவதில்லை. காரணம், நம் சொற்களில் இந்த ஓசை வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. பொருளை மாற்றினால் அவை தனித்தனி ஒலியன்கள். மாற்றாவிட்டால் ஓர் ஒலியனின் மாற்றொலிகள். தொடரியல் சொற்கள் சேரும் முறையைப் பார்க்கும்: 'பெரிய வீட்டுத் திண்ணை' என்றால் பெரியது வீடா, திண்ணையா? சொல்லின் பொருளை ஆராயும் பொருண்மையியல், வட்டாரப் பேச்சை ஆராயும் கிளைமொழி ஆய்வு என்று இன்னும் உண்டு. பேச்சைக் கேட்டு எழுதும் கருவிகள் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும். 'ஏலே, அவிய வந்தாவளா' என்பதைக் கேட்டு யார் யாரிடம் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார் என்று குறித்துக் கொடுக்க ஆள் வேண்டும். மச்சினர் சொல்லும் ஏஐக்குப் பக்கவாட்டு வாசல் இதுவே.

இந்தத் துறை நம் மண்ணுக்கு அந்நியமும் இல்லை. 1841இல் நம் நெல்லைச் சீமையின் இடையன்குடிக்கு வந்த பாதிரியார் கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். எழுத்துகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் அதற்கும் எத்தனையோ காலம் முன்பே பேசியது.

வழி இதுதான். பி.ஏ. தமிழ் அல்லது ஆங்கிலம், நெல்லை ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியில். செங்கோட்டை பாசஞ்சரில் வீட்டிலிருந்தே போய் வரலாம். பெட்டியில் கேட்கும் பேச்சே அவளுக்குப் பாடம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், ஆகவே புதுமைப்பெண் திட்டத்தில் பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும், விட்டுவிடாதீர்கள். அந்த மூன்று வருஷத்தில் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும். எக்செல்லில் சொற்பட்டியல் போடப் பழகட்டும்.

பிறகு எம்.ஏ. மொழியியல். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் பழைய பேர்பெற்ற இடம். கோவை பாரதியாரிலும் உண்டு. நமக்குப் பக்கம் என்றால் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் துறை இருக்கிறது. எந்தப் பட்டம் படித்தவரையும் பல துறைகள் சேர்க்கும். சேரும் வருஷத்துக் கையேட்டை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு உண்டு. மொழியியலிலேயே நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதலாம்; அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் ஆய்வுக்கு மாத உதவித்தொகை வரும். மைசூரில் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. மொழித் தரவு, அகராதி, மொழிபெயர்ப்பு, பிறமொழிக்காரருக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என்று வேலை பல பக்கம் சிதறிக் கிடக்கிறது. அரசுப் பணியிடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். தேடிப் போகிறவர்களுக்கான துறை இது. பேச்சு வராத பிள்ளைகளோடு வேலை செய்ய அவளுக்கு ஆசை இருந்தால் பேச்சு-செவி சிகிச்சைப் பட்டமும் உண்டு, பயிற்சிக் காலத்தோடு நாலு வருஷம். அதற்கு அவள் எடுத்த அறிவியல் பாடங்கள் உதவும். ஆனால் ஆசையா என்று அவளிடம் கேளுங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் இல்லை.

மச்சினர் மனம் கோணும் என்கிறீர்கள். கோணட்டும். மைனிக்கும் தன் அண்ணனிடம் பேசத் தயக்கம் என்றால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் பேச்சில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். பெரியவர்கள் முன்னால் 'சரி மாமா' என்று தலையாட்டிவிடுவாள், அப்புறம் அதுவே அவள் விருப்பம் என்று ஆகிவிடும்.

பி.ஏ. முடிகிற நேரத்தில் மொழியியல் வேண்டாம் என்று தோன்றினால் அதே பட்டத்தை வைத்து பி.எட். போகலாம், டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம். எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்பதை அன்றைக்கு அவளே சொல்லட்டும். இப்போதைக்குக் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் பாருங்கள். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் வர நாளாகும்.