மனநல வார்டில் அண்ணனுக்கு தினமும் 'வன்முறை மார்க்' போடுகிறார்கள். ஆபத்தானவர் என்று முத்திரை குத்துகிறார்களா?

இல்லை. அட்டையில் 3 என்று பார்த்ததும் வயிறு கலங்கியிருக்கும், புரிகிறது. அது அவர் குணத்துக்குப் போட்ட மார்க் இல்லை. அடுத்த 24 மணி நேரத்துக்கான எச்சரிக்கை, அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில் பிறந்து, மனநலப் பிரிவில் ஆண் மிசியாக, அதாவது நர்ஸாக, இருந்து ரிட்டயர் ஆனவன். எங்கள் வார்டில் போட்டது புரோசெட் பட்டியல், நார்வேயில் உருவானது. குழப்பம், எரிச்சல், கூச்சல், வாயால் மிரட்டுவது, கையோங்குவது, பொருளை உடைப்பது என்று ஆறு. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே கவனி என்று அர்த்தம். கவனிப்பது என்றால் கட்டிப்போடுவது இல்லை.

பலர் மறப்பது இதை: பழகிய நோயாளி என்றால், வழக்கத்தைவிடக் கூடினால் மட்டுமே 1. ரப்பர் ஆலை இரைச்சலில் காலம் தள்ளிய ஒரு பெரியவர் அடிக்கடி வந்து போவார். காது மந்தம், பேச்சே கத்தல்தான். தமிழ் தெரியாத புது மிசி கூச்சல், எரிச்சல், மிரட்டல் மூன்றுக்கும் 1 போட்டுவிட்டார். உடனே ஆட்கள் சுற்றி நின்றார்கள். அதற்குப் பிறகுதான் பெரியவருக்கு உண்மையிலேயே சூடு ஏறியது. எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னேன். கைக்கு எட்டாத தூரத்தில், வாசலை மறைக்காமல், கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, "என்னண்ணே வேணும்?" என்றேன். "வீட்டுக்கு ஒரு போன் போடணும்னு காலையிலேர்ந்து கேக்கறேன், ஒருத்தனும் வுட மாட்றான்!" போன் கொடுத்தோம். ஊசிக்கு வேலையே வரவில்லை.

பேசினாலே போதும் என்கிறானா இவன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். ஆளை அடக்க ஹாலோபெரிடோல் மருந்து ஊசி போட்டே ஆக வேண்டிய ராத்திரிகளையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் யாராவது கோபப்பட்டால் உடனே "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்பார்கள்; மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. அந்த வேலை பார்த்ததால் எனக்கும் கொஞ்சம் 'ஒட்டியிருக்குமாம்'. கோயில் கமிட்டியில் பொருளாளர் பதவி கிடையாது என்றுவிட்டார்கள். திருவிழாவில் தண்ணி போட்டு நாற்காலியை உடைத்தவர் இன்று செயலாளர்! சரி, விடுங்கள்.

அடுத்த முறை பார்க்கப் போகும்போது அண்ணன் வீட்டில் சாதாரணமாக எப்படிப் பேசுவார், எதற்கு எரிச்சல்படுவார், யார் சொன்னால் அடங்குவார் என்று மிசியிடம் சொல்லி ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். மலாய் வராவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிவரும்படி கேளுங்கள்.