கென்தோ – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

யோகோஹாமாவில் மென்பொருள் வேலை. அணியில் ஜப்பானியர் நான்கு பேர், சீனர் மூன்று பேர். சீன நண்பர் கூட்டத்திலேயே மேலாளரிடம் "இது சரிவராது" என்று போட்டு உடைக்கிறார். ஜப்பானியர்கள் தலையாட்டிவிட்டு அப்புறம் வேறு மாதிரி செய்கிறார்கள். ஒருவர் முரடர், மற்றவர் பொய்யர் என்று எடுத்துக்கொள்ளலாமா? நான் யாரோடு ஒட்டிக்கொள்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டு நாட்டுக்காரர்களோடு வேலை பார்த்து இந்த இரண்டு சொல்தான் கிடைத்ததா? கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்நிய ஊரில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் எரிச்சல் எனக்கும் தெரியும்.

தலையாட்டுவது பொய் இல்லை. நெமவாஷி என்பார்கள், மரத்தைப் பெயர்த்து நடும் முன் வேரைச் சுற்றி வெட்டிப் பக்குவப்படுத்தும் தோட்டக்காரர்களின் சொல் அது. ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பேசி முடித்த பிறகுதான் கூட்டமே போடுவார்கள். அங்கே வந்து மறுப்பது தாலி கட்டும் நேரத்தில் ஜாதகம் கேட்கிற மாதிரி. உங்கள் சீன நண்பருக்கோ கூட்டம்தான் பேசுகிற இடம். அவ்வளவுதான் விஷயம்.

என்னை ரொம்ப நாளாகக் குடைவது வேறு. இரண்டு பேரும் ஒரே சீன எழுத்தை எழுதுகிறார்கள், அதுதான் வில்லங்கம். 2011இல் சீனாவின் தாலியன் நகரில், ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். மதியம் சாப்பிட்டதும் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசையில் கவிழ்ந்து தூங்குவார்கள். டோக்கியோவிலிருந்து வந்தவர் மட்டும் இருட்டில் ஆறிப்போன பெந்தோ டப்பாச் சாப்பாட்டை மென்றுகொண்டிருப்பார். புதிதாகச் சேர்ந்த சீனப் பெண்ணுக்கு ஜப்பானிய மொழி அரைகுறை, ஆனால் எழுத்து தெரிந்ததுதானே. எங்கள் யோசனைக்கு "கென்தோ செய்கிறோம்" என்று டோக்கியோவிலிருந்து பதில் வந்தது. அதே இரண்டு எழுத்தைச் சீனத்தில் ஜியன்தாவ் என்று படித்தால் 'என் தப்புதான்' என்று எழுதிக்கொடுக்கும் சுயவிமர்சனம். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஊரையே எழுத வைத்தார்கள், இன்றும் குறும்பு செய்த பள்ளிப் பிள்ளைகளை எழுத வைக்கிறார்கள். டோக்கியோக்காரர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள் என்று அந்தப் பெண் பூரித்துப்போய் வேலையை ஆரம்பித்தே விட்டாள். கென்தோ என்றால் 'பரிசீலிக்கிறோம்'. அதாவது, பெண் பார்த்துவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்கிற வகை. மூன்று நாள் வேலை பாழ். அப்புறம் அவள் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: 'கென்தோ = முடியாது.' இதில் முரடர் யார், பொய்யர் யார்?

லெட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜப்பானில் கடிதத்துக்கு எழுதும் அதே இரண்டு எழுத்தைச் சீனர் கழிவறைக் காகிதம் என்று படிப்பார். உங்கள் கடிதத்தை முதலில் சீன முறையில்தான் படித்தேன். சரி, யாரோடு ஒட்டுவது என்று கேட்டீர்கள் அல்லவா, கென்தோ செய்கிறேன்.